அமிர்தமும் அளவும்: எயிட்ஸ் மருந்தொன்றின் வரலாறு

அளவுக்கு மிஞ்சினால் அமிர்தமும் நஞ்சு என்பது நம் முன்னோர் வாக்கு. எயிட்ஸ் மருந்துகளின் வரலாறு இதற்கு நல்லதொரு சான்றாகும்.

பிராக் நகர இரசாயன அறிஞர் அன்ரொனின் ஹோலியும், பெல்ஜியத்தின் லூவன் பல்கலைக்கழகப் பேராசிரியர் எரிக் டி கிளர்க்கும் 1976இல் கைகோத்தனர். ஐரோப்பா இரண்டாய்ப் பிளவுண்டிருந்த காலம் அது. முன்னவர் ஆக்கிய சேர்மங்களைப் பின்னவர் வைரசுகள் மீது சோதித்தார். அவ்வுழைப்பில் பிறந்தவையே அடிபோவிர், தெனோபோவிர் ஆகிய மருந்துகள்.

அடிபோவிர் நாளொன்றுக்கு 120 மில்லிகிராம் வரை கொடுக்கப்பட்டபோது நோயாளர் பலரின் சிறுநீரகம் பழுதுற்றது. 1999இல் அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகத்தின் ஆலோசனைக் குழு அதனை எச்.ஐ.வி.க்கு ஏற்க மறுத்தது. அதே மருந்து 2002இல் வெறும் 10 மில்லிகிராம் அளவில் 'பி' வகை ஈரல் அழற்சிக்கு அனுமதி பெற்றது.

இதற்கிடையில், 2001 ஒக்ரோபரில் தெனோபோவிர் 300 மில்லிகிராம் குளிசை அங்கு அனுமதிக்கப்பட்டது. பிற மருந்துகளோடு சேர்ந்து அது எண்ணற்ற உயிர்களைக் காத்தது. எனினும் சிலரிடத்தே பழைய குறை மெல்லத் தலைகாட்டிற்று. சிறுநீரக நுண்குழாய்க் கலங்கள் இம்மருந்தை இரத்தத்திலிருந்து இழுத்துத் தம்முள் சேர்க்கின்றன. அதனால் நலிவுறும் கலங்கள், உடலுக்குத் திரும்ப வேண்டிய பொசுபேற்றைச் சிறுநீரோடு போகவிடுகின்றன. வாய்க்கால் உடைந்தால் தோட்டம் வாடுவது போல, பொசுபேற்று இழந்த என்பும் வலுவிழக்கிறது.

2015இல் தெனோபோவிரின் புதிய வடிவம் வந்தது. 25 மில்லிகிராமோ அதனிலும் குறைவோ போதுமானதாயிற்று. இரத்தத்தில் தெனோபோவிரின் அளவு ஏறத்தாழ 90 சதவீதம் குறைந்தது. சிறுநீரகத்துக்கும் என்புக்கும் நேரும் பாதிப்பும் குறைந்தது. ஆயினும் பழைய குளிசையே இன்றும் பல நாடுகளில் வழங்கப்படுகிறது.

இந்நோயின் பெயரைச் சொல்லவே அஞ்சுவோர் நம்மிடையே உளர். வைத்தியசாலையில் பெற்ற பிள்ளையை மொழிபெயர்க்க வைக்கக் கூசி, என்பு நோவை மறைத்து, நோவுக் குளிசையைத் தாமே வாங்கி விழுங்குவோரும் உளர். அவற்றுட் சில சிறுநீரகத்தை மேலும் வருத்தும். அச்சத்தால் எயிட்ஸ் மருந்தைத் தாமாக நிறுத்துவதோ அதனிலும் பெருங்கேடு. பிள்ளைக்குப் பதிலாக உரைபெயர்ப்பாளர் ஒருவரைக் கேட்போம். இரத்தத்தையும் சிறுநீரையும் காலந்தவறாது சோதிப்பிப்போம். உண்ணும் குளிசை யாவற்றையும் வைத்தியரிடம் ஒளிக்காது சொல்வோம்.

மருந்தைக் கைவிட்டு அறிஞர் வெல்லவில்லை, அளவறிந்தே வென்றனர். நாமும் அவ்வழியே செல்வோம்.