சுக்கான்: சிறு பாய்மரப் படகைத் திருப்பும் பலகையின் வரலாறு

சுக்கான் என்பது படகின் பின்புறத்தில் மாட்டப்பட்டு, நீருக்குள் இறங்கி நின்று, படகைத் திருப்ப உதவும் பலகை. கடலுக்குத் தொலைவில் வாழ்பவர்களும் அது வேலை செய்யும் விதத்தை அன்றாடம் காணலாம். திருச்சி காந்தி மார்க்கெட்டின் நெரிசலில் தள்ளுவண்டி தள்ளுபவரைக் கவனியுங்கள். வண்டி வலப்பக்கம் திரும்ப வேண்டுமானால், அவர் அதன் பின்புறத்தை இடப்பக்கம் தள்ளுகிறார். சுக்கானும் படகின் பின்புறத்தைத்தான் தள்ளுகிறது. முன்புறம் தானே திரும்பிவிடுகிறது.

தமிழகக் கடற்கரையில் சுக்கானுக்கு இன்னொரு சோதனையும் உண்டு. இங்கே பல ஊர்களில் படகு நிற்கத் துறைமுகம் கிடையாது. அலையைக் கடந்து வந்து மணலில் ஏற வேண்டும். படகின் அடியைவிடக் கீழே இறங்கியிருக்கும் சுக்கான்தான் முதலில் மணலில் முட்டும். அலைக்கு நடுவே சுக்கான் உடைந்தால் படகு குறுக்கே திரும்பிக் கவிழக்கூடும். ஆகவே படகைத் திருப்பவும் வேண்டும், உரிய நொடியில் பலகையைத் தூக்கவும் வேண்டும். சிறு படகுச் சுக்கானின் வரலாறு இந்த இரண்டு தேவைகளையும் ஒன்றாகத் தீர்த்த வரலாறு.

சொல்

'சுக்கான்' அரபு மொழியிலிருந்து தமிழுக்கு வந்த சொல். சுக்கானைப் பிடிப்பவர் 'சுக்கானி'. மரக்கலம் ஓட்டுபவரைக் குறிக்கும் 'மீகாமன்' பழந்தமிழ் இலக்கியத்திலேயே வரும் சொல். சொல் பிற்காலத்தில் வந்தாலும், கலத்தைத் திருப்பும் கலை அதற்கு முன்பே இங்கு இருந்தது.

துடுப்பே சுக்கானாக

காவிரியில் ஓடும் பரிசல் வட்டமானது. அதற்கு முன், பின் என்பது இல்லாததால் சுக்கான் மாட்ட இடமே இல்லை. ஒரே துடுப்பு அதை உந்துகிறது, திருப்பவும் செய்கிறது. கடலில் கட்டுமரத்துக்கும் துடுப்புதான் திசை காட்டியது. கரைக்கு வந்ததும் துடுப்பைத் தூக்கிவிடலாம். மரங்களின் கட்டை அவிழ்த்து மணலில் உலர்த்தலாம்.

பெரிய கலங்களும் நெடுங்காலம் துடுப்பையே நம்பின. கி.பி. 2ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த சாதவாகனர் நாணயங்களில் இரண்டு பாய்மரம் கொண்ட கப்பல் காணப்படுகிறது. அதன் பின்புறத்தில் திருப்பும் துடுப்புகள் உள்ளன. அஜந்தாவின் 2ஆம் குகையில் தீட்டப்பட்ட மூன்று பாய்மரக் கப்பலும் இவ்வகையே. சென்னைக்குத் துறைமுகம் அமையும் முன், கப்பலிலிருந்து பயணிகளையும் சரக்கையும் கரை சேர்த்தவை மசூலாப் படகுகள். தென்னங்கயிற்றால் பலகைகளைத் தைத்துச் செய்த இப்படகுகளைப் பின்னால் நின்றவர் நீண்ட துடுப்பால் திருப்பினார். மணலில் மோதி உடைய அடியில் எதுவும் இல்லாததால் அந்த அலைக்கு அதுவே பொருத்தமாக இருந்தது.

பின்புறத்தில் மாட்டிய சுக்கான்

படகின் பின்புற நடுவில் சுக்கானைப் பொருத்தும் முறைக்கு மிகப் பழைய சான்று சீனாவில் கிடைத்துள்ளது. குவாங்சோ நகரக் கல்லறை ஒன்றில் எடுக்கப்பட்ட, கி.பி. 1ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த மண் படகு பொம்மை அது. பிற்காலச் சீனக் கலங்களில் ஆழம் குறைந்த இடத்தில் சுக்கானை மேலே தூக்கும் வசதி இருந்தது. ஐரோப்பாவில் சுமார் 1180இல் செதுக்கப்பட்ட தேவாலயச் சிற்பங்களில் இவ்வகைச் சுக்கான் தெரிகிறது. அல்-வாசிதி 1237இல் தீட்டிய அரபு ஓவியத்திலும் அதைக் காணலாம்.

ஐரோப்பியர் சுக்கானை இரும்புக் கீலில் மாட்டினார்கள். நம் பழைய வீட்டுக் கதவை நினைத்துக்கொண்டால் இது எளிதில் விளங்கும். கதவின் குடுமி குழிக்குள் அமர்ந்து சுழல்வதுபோல, சுக்கானில் உள்ள முளை படகில் உள்ள வளையத்துக்குள் அமர்ந்து சுழல்கிறது. கதவைத் தூக்கிக் கழற்றுவதுபோல இந்தச் சுக்கானையும் தூக்கிக் கழற்றலாம்.

யாழ்ப்பாணத்து வல்வெட்டித்துறையில் கட்டப்பட்டு, 1938இல் அமெரிக்காவின் குளோஸ்டர் துறைமுகத்தை அடைந்த 'அன்னபூரணி' போன்ற பெரிய பாய்க்கப்பல்கள் மணலில் ஏறுவதில்லை. அவற்றின் சுக்கான் எப்போதும் மாட்டியே இருக்கலாம். சிறு படகுக்கு அந்த வசதி இல்லை.

மணலில் ஏறும் படகுகள்

உலக உணவு வேளாண்மை நிறுவனம் 1979இல் சென்னையைத் தலைமையிடமாகக் கொண்டு வங்காள விரிகுடாத் திட்டத்தைத் தொடங்கியது. அதில் மணலில் ஏறும் எந்திரப் படகுகள் வடிவமைக்கப்பட்டபோது அதே பழைய சிக்கல் எழுந்தது. கரையை நெருங்கும்போது நீருக்குள் இருக்கும் விசிறியை மேலே தூக்கும் அமைப்பே அதற்கு விடையானது. இன்று கண்ணாடியிழைப் படகுகளில் உள்ள நீள்தண்டு எந்திரமும் அப்படித்தான். கைப்பிடியை அசைத்தால் விசிறி படகைத் திருப்பும். அழுத்தினால் நீரைவிட்டு வெளியே வரும்.

இன்றைய சிறு பாய்மரப் படகு

வண்டியில் ஏற்றிச் செல்லும் விளையாட்டுப் படகுகளும் இந்த வழியில் வந்தவையே. சென்னையைச் சேர்ந்த நேத்ரா குமணன், 2021 ஏப்ரலில் ஒலிம்பிக் பாய்மரப் படகுப் போட்டிக்குத் தகுதி பெற்ற முதல் இந்தியப் பெண் ஆனார். அவர் ஓட்டிய லேசர் வகைப் படகின் நீளம் சுமார் 4.2 மீட்டர். அதன் சுக்கான் கழற்றக்கூடியது; பலகையை மட்டும் மேலே மடக்கவும் முடியும்.

இத்தகைய சுக்கானைப் புதிதாகச் செய்பவர் பழைய பலகையை அளவுக்கு வரைந்துகொள்வதிலிருந்து தொடங்குவார். ஒரே அகலப் பலகை நீரில் வளைந்துவிடும். ஆகையால் தேக்குப் பட்டைகளை, மரத்தின் ரேகை மாறி மாறி வருமாறு ஒட்டிச் சேர்ப்பது வழக்கம். முன்விளிம்பை உருண்டையாகவும் பின்விளிம்பை மெல்லியதாகவும் இழைத்தால் நீர் சுழலாமல் வழுக்கிச் செல்லும். மேலே கண்ணாடியிழையும் எப்பாக்சியும் பூசுவார்கள். திருகாணித் துளையின் உட்புறத்திலும் எப்பாக்சி பூச வேண்டும். இல்லையென்றால் நீர் அந்த வழியாகப் புகுந்து மரம் உள்ளேயே மட்கிவிடும்.

வளையங்கள் இரண்டும் ஒரே நேர்கோட்டில் அமைய வேண்டும். கோடு பிசகினால் சுக்கான் இறுகும். இரண்டு முளைகளில் ஒன்றைச் சற்று நீளமாக வைத்தால் அது முதலில் வளையத்தில் அமரும்; ஆடும் படகிலும் மாட்டுவது எளிதாகும். கடைசியாக ஒரு பூட்டுக் கொக்கி. மரம் மிதக்கும் பொருள் என்பதால், படகு கவிழ்ந்தால் கொக்கி இல்லாத சுக்கான் தானே கழன்று மிதந்து போய்விடும். கவிழ்ந்த படகை நிமிர்த்திய பிறகு கரை சேர அந்தச் சுக்கான் தேவை.

கரையில் எளிதாகக் கழல வேண்டும், கடலில் தானாகக் கழலக் கூடாது. கட்டுமரக்காரர் துடுப்பைக் கைப்பிடியில் வைத்துத் தீர்த்த இந்தக் கணக்கை, இன்றைய படகு ஒரு முளையாலும் ஒரு கொக்கியாலும் தீர்க்கிறது.