காலி டேங்க்

சென்ற பங்குனியில் ஒரு கல்யாணத்துக்காக நெரிஞ்சிப்பேட்டையிலிருந்து பூலாம்பட்டிக்கு விசைப்படகில் காவிரியைக் கடந்தேன். பாதி ஆற்றில் டீசல் வாடை தூக்கலாக அடித்தது. படகுக்காரர் ஒரு கையால் சுக்கானைப் பிடித்தபடி, மறு கையால் துணி சோப்புக் கட்டியை எடுத்து டேங்கின் அடியில் அழுத்தித் தேய்த்தார். ஒழுகல் நின்றுவிட்டது.

எனக்குச் சிரிப்பு வந்தது. அறுபது வருடத்துக்கு முன்னால் லாரி டிரைவர்கள் செய்த அதே வைத்தியம். சோப்பு தண்ணீரில் கரையும். பெட்ரோலிலும் டீசலிலும் கரையாது. அதனால் ஓட்டையில் அடைத்துக்கொண்டு ஒரு நாளைக்குத் தாக்குப் பிடிக்கும். பிற்பாடு எம்-சீல் வந்தது. இரண்டுமே வீடு போய்ச் சேரும்வரைக்கும்தான்.

"சாயங்காலம் வெல்டிங் பட்டறைக்குக் கொண்டுபோயிருவேனுங்க" என்றார் அவர். அந்த வார்த்தையைக் கேட்டதும் என் சிரிப்பு போய்விட்டது. காரணத்தைக் கடைசியில் சொல்கிறேன்.

அந்த இடத்தில் எந்நாளும் விசைப்படகு ஓடியதில்லை. முன்பெல்லாம் ஆற்றைக் கடக்கப் பரிசல்தான். மூங்கில் பிளாச்சு, தோல், ஒரு துடுப்பு. ஒழுகினால் தண்ணீர் உள்ளே வருமே தவிர எண்ணெய் வெளியே போகாது. 1934-இல் மேட்டூர் அணை திறந்த பிறகும் கீழே உள்ள ஆறு, அணையில் திறந்துவிடும் தண்ணீரைப் பொறுத்துத்தான் ஏறி இறங்கியது. 1980-களின் பிற்பகுதியில் மின்சாரத்துக்காகச் செக்கானூர், நெரிஞ்சிப்பேட்டை என்று வரிசையாகக் கதவணைகள் கட்டினார்கள். தண்ணீர் ஏரி மாதிரித் தேங்கி நின்றது. இன்றைக்கு இரு கரைச் சனங்களும் விசைப்படகில் போய் வருகிறார்கள். மேட்டூரில் உபரி நீர் திறந்தால் மட்டும் நிறுத்திவிடுவார்கள்.

படகு எஞ்சின் ஆற்றுக்குப் புதிது என்றாலும், எண்ணெய் டேங்க் நம் கொங்கு நாட்டுக்குப் பழையது. 1920-இல் ஜி.டி. நாயுடு பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் இடையே ஒற்றை பஸ்ஸை ஓட்டித் தொழிலைத் தொடங்கினார். 1930-களின் தொடக்கத்தில் பைக்காரா மின்சாரம் வந்தது. அது எட்டாத தோட்டங்களில் ஆயில் எஞ்சின்தான் கிணற்றுத் தண்ணீரை இறைத்தது. சில எஞ்சின்களைப் பெட்ரோலில் கிளப்பி, சூடேறியதும் சீமெண்ணெய்க்கு மாற்றுவார்கள். அதற்கென்று இரண்டு டேங்க். இரண்டாம் உலகப் போரில் பெட்ரோலுக்கு ரேஷன் வந்து, பஸ்ஸின் முதுகில் கரிவாயு அடுப்பைக் கட்டிக்கொண்டு ஓட்டியதைப் பெரியவர்கள் சொல்லக் கேட்டிருப்பீர்கள். அந்த நாலைந்து வருடம்தான் டேங்குக்கு ஓய்வு.

இத்தனை டேங்குகளும் ஒழுகினால் யார் அடைத்தது? என் அனுபவத்தில், தகர வேலைக்காரர்கள்தான். பர்மா ஷெல் காலத்து 4 காலன் சீமெண்ணெய் டின் உங்கள் வீட்டிலும் இருந்திருக்கும். சுமார் 18 லிட்டர் பிடிக்கும். எண்ணெய் தீர்ந்ததும் அதை வெட்டிச் சிம்னி விளக்கு, படி, புனல், உண்டியல் என்று என்னவெல்லாமோ செய்தார்கள். எண்ணெய் இருந்த தகரத்தில் ஈயம் வைத்துப் பழகிய கைக்கு, பஸ் டேங்கும் எஞ்சின் டேங்கும் இன்னொரு டின்தான்.

நான் பட்டறையில் வேலைக்குச் சேர்ந்தபோது உக்கடத்தில் அப்படி ஒருவர் இருந்தார். எல்லோருக்கும் அவர் 'டிங்கர் பாய்'. டேங்கைக் கொடுத்தால் அன்றைக்கே வேலையைத் தொடங்க மாட்டார். முதலில் மிச்ச எண்ணெயை வடித்துத் தூரமாக வைப்பார். சலவை சோடா கலந்த வெந்நீர் ஊற்றிக் குலுக்கிக் கொட்டுவார். ஒருமுறை அல்ல, மூன்று நான்கு முறை. பிறகு ஓட்டை மேலே வரும்படி டேங்கைத் திருப்பி வைத்து, ஓட்டைக்கு ஒரு விரற்கடை கீழே வரை தண்ணீரை நிரப்பிவிடுவார். முழுக்க நிரப்பினால் தண்ணீர் சூட்டை இழுத்துக்கொண்டு ஈயம் ஒட்டாது.

அப்புறம் துருவைச் சுரண்டி, துத்தநாகம் போட்டு அடக்கிய ஆசிட்டைத் தடவுவார். செம்புக் கட்டையைப் பத்தடி தள்ளி இருக்கும் கரியடுப்பில் காய்ச்சி எடுத்து வருவார். ஈயமும் வெள்ளீயமும் கலந்த பற்று 190 டிகிரிக்குள் உருகிவிடும். "தம்பி, டேங்குகிட்ட சூடு வரலாம், நெருப்பு வரக்கூடாது" என்பார். அவர் பாடம் மொத்தமும் அந்த ஒரு வரிதான்.

வேலை முடிந்ததும் ஒட்டிய இடத்தின் வெளிப்பக்கம் சுண்ணாம்பைப் பூசிக் காயவிட்டு, உள்ளே கொஞ்சம் சீமெண்ணெய் ஊற்றி வைப்பார். ஊசிமுனை ஓட்டை இருந்தாலும் வெள்ளையில் கறை தெரிந்துவிடும்.

ஏன் இவ்வளவு பக்குவம்? எரிவது எண்ணெய் அல்ல, அதன் ஆவி. பெட்ரோல் ஆவி காற்றில் நூற்றுக்கு சுமார் ஒன்றரைப் பங்கிலிருந்து ஏழரைப் பங்கு வரை இருந்தால் வெடிக்கும். நிறைந்த டேங்கில் ஆவிக்கும் காற்றுக்கும் இடமே இல்லை. காலி டேங்கில் ஒரு கரண்டி எண்ணெய் மிச்சமிருந்தால் போதும், இரண்டும் கலந்து நிற்கும். காலி டேங்க்தான் நிறைந்த டேங்கைவிடப் பொல்லாதது.

டீசலைப் பற்றி நமக்கு ஓர் அசட்டுத் தைரியம் உண்டு. தீக்குச்சியைப் போட்டாலும் பற்றாது என்பார்கள். நம் நாட்டுத் தர அளவுப்படி டீசல் 35 டிகிரி வரைக்கும் பற்றும் அளவுக்கு ஆவி விடக்கூடாது, அவ்வளவுதான். பங்குனி வெயிலில் கிடக்கும் இரும்புத் தகடு அதைவிடச் சூடாகும். வெல்டிங் தீயைக் காட்டினால் கேட்கவே வேண்டாம்.

1976-இல் நான் ஒரு பட்டறையில் சூப்பர்வைசர். ஒரு பழைய டீசல் டேங்கில் பட்டை வைத்து ஒட்ட வேண்டியிருந்தது. அவசர வேலை. வெல்டர் பையனுக்கு 19 வயது. "கழுவணுமுங்களா?" என்று கேட்டான். மூன்று மாதமாக வெளியே கிடந்த டேங்க். "காலியாத்தான கெடக்குது, பத்த வை" என்றேன். பாய் சொன்னது எனக்குத் தெரியாமல் இல்லை. டீசல்தானே என்று நினைத்தேன். மூடிப்பக்கத் தகடு பிய்த்துக்கொண்டு பறந்தது. அவனுக்கு இடது கண் போயிற்று. ஆஸ்பத்திரியில் அவன் அம்மா என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்டிருக்கலாம் என்று இன்றைக்கும் தோன்றுகிறது.

அன்றிலிருந்து என் கண்ணில் படுகிற டேங்கையெல்லாம் நின்று பார்ப்பேன். படகு டேங்கில் இன்னொரு தொல்லையும் உண்டு. அது படகின் அடியில், எப்போதும் ஈரத்தில் கிடக்கிறது. இறுக்கிக் கட்டிய பட்டைக்கு அடியிலேயே தகடு துருவேறி அரித்துவிடும். பெட்ரோல் படகாக இருந்தால் ஆபத்து இன்னும் அதிகம். பெட்ரோல் ஆவி காற்றைவிட மூன்று நான்கு மடங்கு கனம் என்பதால் மேலே போகாமல் படகின் அடியிலேயே தங்கிவிடும். அமெரிக்காவில் அப்படிப்பட்ட படகுகளில் எஞ்சினைக் கிளப்புமுன் குறைந்தது 4 நிமிடம் காற்றாடியை ஓட்டச் சொல்கிறார்கள்.

பூலாம்பட்டிக் கரையில் எல்லோரும் இறங்கிய பிறகும் நான் நின்றேன். படகுக்காரரிடம் அந்த 19 வயதுப் பையனைப் பற்றிச் சொன்னேன். என்னைப் பற்றியும் சொன்னேன். அவர் சோப்புக் கட்டியைக் கையில் வைத்தபடியே கேட்டார்.

"அப்ப என்ன பண்ணோணுமுங்க?"

"நல்லாக் கழுவிட்டு, ஓட்டைக்கிட்ட வரைக்கும் தண்ணி ரொப்பச் சொல்லுங்க. அப்புறம்தான் பத்த வைக்கோணும். ரொப்பலைன்னா டேங்க்கைத் திருப்பி எடுத்துக்கிட்டு வந்துருங்க."

அவர் ஆற்றைத் திரும்பிப் பார்த்தார். "தண்ணிக்கு என்னங்க பஞ்சம், நானே இங்கிருந்து ரொப்பிக் கொண்டுபோறேனுங்க" என்றார்.