முதியோருக்குச் சிரைவழி நீர்மம் ஏற்றுதல்: வரலாறு

சிரைவழி நீர்மம் ஏற்றுதல் என்பது உப்புநீர், குளுக்கோஸ், மருந்து ஆகியவற்றைச் சிரையில் பொருத்திய குழாய் வழியாக நேரடியாக இரத்தத்தில் சேர்க்கும் முறையாகும். பேச்சுவழக்கில் இது 'டிரிப்ஸ் ஏற்றுதல்' எனப்படுகிறது. காலராவுக்காக இம்முறையில் சிகிச்சை பெற்ற தொடக்ககால நோயாளிகளுள் ஒருவர் ஒரு மூதாட்டி ஆவார்.

தோற்றம்

1831இல் காலரா இங்கிலாந்தின் சண்டர்லாந்து துறைமுகத்தை அடைந்தது. 22 வயது மருத்துவர் வில்லியம் ஓ'ஷாக்னசி, நோயாளிகளின் இரத்தத்தில் நீரும் உப்புகளும் பெருமளவு குறைந்திருப்பதைக் கண்டறிந்தார். இழப்பைச் சிரை வழியாக ஈடுசெய்யலாம் என்றும் எழுதினார்.

1832 மே மாதத்தில் ஸ்காட்லாந்தின் லீத் நகர மருத்துவர் தாமஸ் லட்டா இதைச் செயல்படுத்தினார். அவருடைய முதல் நோயாளி இறக்கும் தறுவாயில் இருந்த ஒரு மூதாட்டி. கைச்சிரையில் வெள்ளிக்குழாயைச் செருகி ஆறு பைண்ட், அதாவது ஏறத்தாழ மூன்று லிட்டர் உப்புநீர் செலுத்தப்பட்டது. அரை மணி நேரத்தில் நாடி திரும்பியது; குளிர்ந்த உடல் சூடேறியது. அவர் பிழைத்துவிட்டார் எனக் கருதி, மருத்துவமனையின் பொறுப்பில் விட்டு லட்டா சென்றார். வாந்தியும் பேதியும் மீண்டும் தொடங்கின. ஆனால் நீர்மம் மீண்டும் ஏற்றப்படவில்லை. ஐந்தரை மணி நேரத்தில் அவர் இறந்தார். மறுமுறை ஏற்றியிருந்தால் பிழைத்திருப்பார் என்று லட்டா பதிவுசெய்துள்ளார். அவர் 1833இல் காலமானார். அதன்பின் இம்முறை பல ஆண்டுகள் வழக்கொழிந்து கிடந்தது.

இந்தியாவில்

ஓ'ஷாக்னசி 1833இல் கல்கத்தா வந்து, மருத்துவக் கல்லூரியில் வேதியியல் பேராசிரியரானார். இந்தியாவில் தந்திப் போக்குவரத்தை அமைத்தவரும் இவரே. 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் லியோனார்டு ராஜர்ஸ் கல்கத்தாவில் செறிவு மிகுந்த உப்புநீரைச் சிரைவழி ஏற்றி, காலரா இறப்பை ஏறத்தாழப் பாதியாகக் குறைத்தார். 1971இல் வங்காள அகதிகள் முகாமில் சிரைவழி நீர்மம் தீர்ந்தபோது, திலீப் மகலனாபிஸ் உப்பு-சர்க்கரைக் கரைசலைக் குடிக்கக் கொடுத்துப் பலரைக் காத்தார். குடிக்க முடிந்தவருக்கு ஊசி தேவையில்லை என்பது இதனால் உறுதியானது.

கருவிகள்

உலோக ஊசியில் ஒரு குறை இருந்தது. நோயாளி கையை அசைத்தால் அது சிரையைக் கிழித்துவிடும். 1950இல் அமெரிக்காவின் மேயோ கிளினிக்கைச் சேர்ந்த டேவிட் மாசா, ஊசியின் மேல் பிளாஸ்டிக் குழாய் பொருந்திய அமைப்பை அறிமுகப்படுத்தினார். ஊசியை உருவிய பின் மென்குழாய் மட்டும் சிரையில் தங்கும். இன்று செவிலியர் 'வென்ஃப்ளான்' என்று பொதுவாகக் குறிப்பிடுவது இவ்வகையே. இதில் எண் கூடக் கூடக் குழாய் மெலிதாகும்: 18 பச்சை, 20 இளஞ்சிவப்பு, 22 நீலம், 24 மஞ்சள்.

முதியோரின் சிரைகள்

முதுமையில் தோல் மெலிந்து, அடியிலுள்ள கொழுப்பு குறைகிறது. எனவே சிரை புடைத்துத் தெரிந்தாலும் ஊசி பட்டதும் நழுவும். எளிதில் உடைந்து இரத்தம் கட்டும். இதனால் செவிலியர் பின்வருவனவற்றைக் கையாளுகின்றனர்:

• கட்டுப்பட்டையைத் துணியின் மேல் தளர்வாகக் கட்டுதல்
• சிரையைத் தட்டாமல், இளஞ்சூட்டால் விரியச் செய்தல்
• தோலைக் கீழ்நோக்கி இழுத்துப் பிடித்து, தாழ்ந்த கோணத்தில் செருகுதல்
• நிலைமை அனுமதித்தால் 22 அல்லது 24 எண் குழாயைப் பயன்படுத்துதல்

அதிர்ச்சி நிலையிலும் பெரும் இரத்தப்போக்கிலும் பெரிய குழாயே தேவை. இதயமும் சிறுநீரகமும் தளர்ந்தவருக்கு நீர்மம் விரைந்து ஏறினால் நுரையீரலில் நீர் கோத்துக்கொள்ளும்.

இன்றைய நிலை

தமிழ்நாட்டில் 108 அவசர ஊர்தி 2008இல் தொடங்கியது. சங்கரன்கோவில் போன்ற ஊர்களிலிருந்து மேல்சிகிச்சைக்காகப் பாளையங்கோட்டை ஐகிரவுண்டு மருத்துவமனைக்குச் செல்வோர் 50 கிலோமீட்டருக்கு மேல் பயணிக்க வேண்டும். புறப்படும் முன் நன்கு பொருத்தி ஒட்டப்பட்ட குழாயும், வழியில் சொட்டின் வேகம், வீக்கம், மூச்சு ஆகியவற்றைக் கவனிப்பதும் முதியவரின் உயிரைக் காக்கும். லீத் நகர மூதாட்டிக்குக் கிடைக்காமல் போனது இந்தத் தொடர் கவனிப்பே.