சுகுண விலாச சபா

சுகுண விலாச சபா சென்னையில் 1891-ல் தொடங்கப்பட்ட பயில்முறை நாடகக் குழு. நடிப்பைப் பிழைப்பாகக் கொள்ளாத வழக்கறிஞர்களும் அலுவலர்களும் மாணவர்களும் ஊதியம் பெறாமல் நடத்திய அமைப்பு இது.

தொடக்கம்

19-ஆம் நூற்றாண்டின் இறுதியில் நடிகர்கள் ‘கூத்தாடிகள்’ என்று இகழப்பட்டனர். படித்தவர்கள் தமிழ் நாடகங்களைப் பார்ப்பதையே தவிர்த்தனர். மாணவராக இருந்த பம்மல் சம்பந்த முதலியாரும் அவ்வாறே எண்ணியிருந்தார். 1891-ல் பல்லாரி கிருஷ்ணமாசார்லுவின் சரச விநோதினி சபா சென்னையில் தெலுங்கு நாடகங்களை நடத்தியது. நடித்தவர்கள் கல்வி கற்று உத்தியோகம் பார்ப்பவர்கள் என்பது அவர் எண்ணத்தை மாற்றியது. தமிழிலும் அத்தகைய குழு வேண்டும் என்று கருதி, அதே ஆண்டு நண்பர்கள் சிலருடன் இச்சபையைத் தொடங்கினார். அப்போது அவருக்கு வயது 18.

நாடகங்கள்

சம்பந்த முதலியார் சபையின் முதன்மை நாடக ஆசிரியராகவும் நடிகராகவும் விளங்கினார். விடிய விடிய நடந்த நாடகத்தைச் சில மணி நேரத்துக்குள் அடக்கினார். பாடல்களைக் குறைத்து உரைநடை வசனத்துக்கு முதன்மை தந்தார். ஷேக்ஸ்பியரின் ‘ஹாம்லெட்’ நாடகம் ‘அமலாதித்யன்’ என்றும், ‘வெனிஸ் நகர வணிகன்’ ‘வாணீபுர வணிகன்’ என்றும் தமிழ்ச் சூழலுக்கேற்ப உருமாறின. விக்டோரியா பப்ளிக் ஹால் சபையின் முக்கிய அரங்கமாக இருந்தது. பின்னாளில் அரசியலில் புகழ்பெற்ற எஸ். சத்தியமூர்த்தியும் சபையில் நடித்தவர்.

பகலில் நீதிமன்றத்திலும் அலுவலகத்திலும் இருந்தவர்கள் மாலையில் ஒத்திகைக்குக் கூடினர். பெண் வேடங்களையும் ஆண்களே ஏற்றனர். வழக்கறிஞர் ரங்கவடிவேலு நாயகி வேடங்களில் சம்பந்த முதலியாருடன் நடித்துப் புகழ்பெற்றார்.

இடம்

சபையினருக்கு வாழ்க்கைத்தொழில் வேறு இருந்ததால் வசூலுக்காக நாடகத்தை மாற்றவேண்டிய கட்டாயம் குறைவாக இருந்தது. சமூகத்தில் மதிக்கப்பட்டவர்கள் வேடம் கட்டியதால் மேடைக்கும் மதிப்பு கூடியது. ஆனால் அந்த மதிப்பு நடிப்பையே நம்பி வாழ்ந்த தொழில்முறை நடிகர்களுக்கு உடனே கிடைத்துவிடவில்லை. சபையின் நாடகங்களைத் தொழில்முறைக் குழுக்களும் எடுத்து நடித்தன. ‘மனோகரா’ அவ்வாறு ஊர் ஊராகப் பரவி, 1954-ல் சிவாஜி கணேசன் நடித்த திரைப்படமாகவும் வந்தது.

சபா 1936-ல் மவுண்ட் ரோட்டிலிருந்த தன் இடத்துக்கு மாறியது. பிற்காலத்தில் நாடகம் பின்னுக்குச் சென்று, உறுப்பினர்களின் பொழுதுபோக்கு மன்றமாக அது நிலைத்தது. சம்பந்த முதலியார் எழுதிய ‘நாடக மேடை நினைவுகள்’ சபையின் வரலாற்றை அறிய உதவும் முதன்மையான நூல்.