மாமா காஸும் ஒரு சாண்ட்விச்சும்

எங்க ஊர் விருத்தாசலத்துல ஒரு மாசி மகக் கச்சேரி. மெல்லிசைக் குழுவுல பாட வந்த அக்காவுக்குக் கொஞ்சம் பூசின உடம்பு. 'அஞ்சலி' (1990) படத்துல உஷா உதுப் பாடின பாட்டை எடுத்தாங்க. முதல் வரி முடியறதுக்குள்ள பின்னாடியிருந்து ஒரு குரல்: "யக்கா, மேடை தாங்குமா?" கூட்டம் மொத்தமும் சிரிச்சுது. நானும்தான், பொய் சொல்லக் கூடாது. அவங்க பாட்டை நிறுத்தல.

இந்த நக்கலுக்கு ராக் இசையில ஒரு பெரிய வரலாறே இருக்கு மக்களே. அதுல முக்கியமானவர் மாமா காஸ். (நம்ம மாமா இல்லீங்க, அவங்க ஊர்ல அம்மான்னு அர்த்தம்.) 'கலிஃபோர்னியா ட்ரீமின்' பாடின 'தி மாமாஸ் அண்ட் தி பாப்பாஸ்' குழுவோட காஸ் எலியட். அந்தக் குழுவே 1967-ல வெளியிட்ட 'கிரீக் ஆலி' பாட்டுல அவரோட உடம்பு திரும்பத் திரும்ப வர்ற ஒரு கிண்டல். அந்தப் பாட்டை அவரும் சேர்ந்துதான் பாடணும், கொடுமை!

1968-ல லாஸ் வேகாஸ்ல தனி நிகழ்ச்சிக்காக பட்டினி கிடந்து கிட்டத்தட்ட 100 பவுண்டு (45 கிலோ) குறைச்சார். வயித்துல புண்ணு, தொண்டையும் போச்சு. நிகழ்ச்சி படுதோல்வி. 1974 ஜூலை 29-ல லண்டன்ல தூக்கத்திலேயே இறந்துட்டார். வயசு 32. மாரடைப்பு. பிரேதப் பரிசோதனையில தொண்டையில உணவு எதுவும் இல்ல. ஆனா உலகம் இன்னிக்கும் சொல்றது என்ன? "சாண்ட்விச் தொண்டையில அடைச்சு செத்தாங்க." அந்தக் கதையை முதல்ல எழுதின பத்திரிகையாளர் சூ கேமரன், பல வருஷம் கழிச்சு உண்மையைச் சொன்னார். போதைமருந்துன்னு சந்தேகம் வந்துடக் கூடாதுன்னு காஸோட மேனேஜர்தான் அப்படி எழுதச் சொன்னாராம். யோசிச்சுப் பாருங்க, மானத்தைக் காப்பாத்தச் சொன்ன பொய்யே "குண்டம்மா தின்னே செத்தா"ங்கறதுதான். அதை யாரும் சந்தேகப்படவே இல்ல.

சரி, ஒல்லியா இருந்தா விட்டுடுவாங்களா? 'கார்ப்பென்டர்ஸ்' குழுவோட கேரன் கார்ப்பென்டர் சாப்பாட்டைத் தவிர்க்க வைக்கிற அனரெக்ஸியா நோயில இளைச்சு இளைச்சு, 1983-ல இதயம் நின்னு போனார். அவருக்கும் 32.

நம்ம பக்கம் கதை வேற. சினிமாவுல பின்னணிப் பாட்டு வந்ததும் குரல் ஒருத்தர், உடம்பு இன்னொருத்தர்னு பிரிச்சாச்சு. எல்.ஆர்.ஈஸ்வரி கிளப் பாட்டு பாடினா திரையில ஆடுறது வேற ஆள். அதனால மேடைப் பாடகிகள்தான் மாட்டினாங்க.

உஷா உதுப் 1969-ல சென்னை மவுண்ட் ரோடு 'நைன் ஜெம்ஸ்' கிளப்ல பாட ஆரம்பிச்சப்போ கட்டியிருந்தது புடவை. இரவு விடுதியில புடவையா! பள்ளிக்கூடத்துல "இந்தக் குரல் சரிப்படாது"ன்னு பாட்டு வகுப்பை விட்டே அனுப்பப்பட்டவர் அவர். அப்புறம் கல்கத்தா 'ட்ரின்காஸ்'லயும் அதே புடவை, அதே பெரிய பொட்டு. 1980-கள்ல மேற்கு வங்க அமைச்சர் ஒருத்தர் இவர் பாடறது பண்பாட்டுச் சீரழிவுன்னு அரசு அரங்குகள்ல தடை போட, கோர்ட்டுக்குப் போய் ஜெயிச்சார். 2024-ல பத்மபூஷண்.

அன்னிக்கு எங்க ஊர் மேடையில அந்த அக்கா பாட்டை முடிச்சப்போ, கத்தின ஆளே எழுந்து நின்னு "இன்னொரு தடவை"ன்னு கேட்டான். அவங்க தண்ணி குடிச்சுட்டு சிரிச்சாங்க. பாடல.