பூஜ்யம் வேற, காலி வேற: ஒரு கேள்விக்குறியின் கதை

இந்த எபிசோட் ஒரு கேள்விக்குறியோட வரலாறு. சி ஷார்ப் மொழியில 'இன்ட்'னு எழுதி பக்கத்துல ஒரு '?' போடுவோமே, அதுதான்.

முதல்ல ஒரு கற்பனை. ஆவடி பருத்திப்பட்டு ஏரிக்கரையில ஒரு மழைமானி இருக்குன்னு வைங்க. தினமும் காலையில ஒரு எண் அனுப்பும். புயலடிச்ச ராத்திரி கருவியே தண்ணிக்குள்ள போயிடுச்சு, எண் வரலை. புரோகிராம்ல அந்த இடம் வெறும் 'இன்ட்'. அதுக்குக் காலியா இருக்கத் தெரியாது; யாரும் எதுவும் போடலைன்னா 0. ஆக, ஊரே மிதந்த நாள், பதிவேட்டுல மழையே இல்லாத நாள்!

'ஒண்ணுமில்லை'ன்னு சொல்ல புரோகிராமிங்ல இருக்கிற சொல் 'நல்'. (தமிழ்க் காதுக்கு ஏதோ நல்ல விஷயம் மாதிரி கேட்குது, என்ன பண்றது.) 1965ல் ஆல்கால் டபிள்யூ மொழியில் அதைச் சேர்த்தவர் டோனி ஹோர். 1934ல் கொழும்புல பிறந்தவர். 2009ல் லண்டன் மாநாடு ஒண்ணுல அவரே அதை 'நூறு கோடி டாலர் தவறு'ன்னு சொன்னார். எந்த ரெஃபரன்ஸும் எப்ப வேணா காலியா இருக்கலாம், மொழி நம்மை எச்சரிக்காது. அதுதான் சிக்கல்.

எண்களுக்குத் தலைகீழ்ப் பிரச்சினை. 2002ல் வந்த சி ஷார்ப்ல எண் காலியாவே இருக்க முடியாது. ஆனா டேட்டாபேஸ்ல இருக்கலாம். அதனால -1, 9999னு ஏதாவது போட்டு ஒப்பேத்தினாங்க. அது தெரியாம இன்னொருத்தர் சராசரி எடுத்தா கணக்கு கந்தல்.

2005ல் வந்த சி ஷார்ப் 2.0 இதைத் தீர்த்தது. '?' போட்டா, எண்ணோட சேர்த்து 'மதிப்பு இருக்கா, இல்லையா'ங்கிற குறிப்பும் இருக்கும். ஆனா பீட்டாவுல ஒரு வில்லங்கம். காலியான எண்ணை 'ஆப்ஜெக்ட்'டா மாத்தினா, காலி டிபன் பாக்ஸைக் கொடுத்தனுப்பின மாதிரி. உள்ள ஒண்ணுமில்ல, ஆனா டப்பா இருக்கே! 'இது நல் தானே?'ன்னு கேட்டா 'இல்லை'ன்னு பதில் வரும்.

சரிபண்ணணும்னா ரன்டைமையே தொடணும். வெளியீடு நவம்பர்ல. அப்போ மைக்ரோசாஃப்ட்ல டெவலப்பர் பிரிவுக்குத் தலைவர் எஸ். சோமசேகர், நம்ம கிண்டி பொறியியல் கல்லூரியில் படிச்சவர். மாத்துறோம்னு அவரே ஆகஸ்ட்ல தன் வலைப்பதிவுல அறிவிச்சார். வீட்டுக்குப் பெயிண்ட் அடிக்கிற நேரத்துல அஸ்திவாரத்தைத் தோண்டுற வேலை அது. எனக்கு இந்தக் கதையில ரொம்பப் பிடிச்ச இடமும் அதான்.

இப்ப மழைமானிக்கு வருவோம். '?' போட்டாச்சு. புயல் நாள் 'நல்'. சராசரி எடுத்தா அந்த நாளை விட்டுட்டுக் கணக்குப் போடும், நல்லது. ஆனா கூட்டல் குறி போட்டுக் கூட்டினா மொத்தமும் நல் ஆயிடும். மதிப்பு இருக்கான்னு பார்க்காம '.வேல்யூ' கேட்டா புரோகிராம் அங்கேயே விழும். அது பரவாயில்ல, சத்தம் போட்டாவது விழுது. சத்தமில்லாதது வேற ஒண்ணு: '50 மி.மீ.க்கு மேல மழையா? எச்சரிக்கை அனுப்பு. இல்லன்னா பயமில்லைன்னு அனுப்பு'ன்னு எழுதியிருக்கீங்க. நல்லை எந்த எண்ணோட பெரிசா சின்னதான்னு ஒப்பிட்டாலும் பதில் 'பொய்'தான். கருவி மூழ்கின அந்த ராத்திரி, ஏரிக்கரை வீடுகளுக்குப் போற மெசேஜ் 'பயமில்லை'. எந்த எர்ரரும் வராது.