பூந்தமல்லியில் லத்தீன் படித்தவர்கள்

1935-இல் சென்னைப் பேராயராகப் பொறுப்பேற்றார் லூயிஸ் மத்தியாஸ். பிரான்சில் பிறந்த சலேசியத் துறவி. அதற்குமுன் ஷில்லாங்கில் பணியாற்றியவர். மறு ஆண்டே பூந்தமல்லியில் திரு இருதய குருத்துவக் கல்லூரி உருவானது.

குருத்துவப் படிப்பு நீண்டது. திருச்சபைச் சட்டப்படி மெய்யியலும் இறையியலும் சேர்ந்து குறைந்தது 6 ஆண்டுகள். அந்நாளைய குருமடங்களில் அதற்கும் முன்னால் லத்தீன் நின்றது. ஐந்து வகைப் பெயர்ச்சொற்கள், ஒவ்வொன்றுக்கும் தனித்தனி வேற்றுமை விகுதிகள்; அத்தனையையும் மனப்பாடம் செய்தால்தான் தாமஸ் அக்குவினாஸின் வாதங்களைத் தொட முடியும். கிராமத்துப் பள்ளியில் தமிழில் படித்துவந்த பிள்ளைகளுக்கு இது எத்தனை பெரிய பாரம்! எழுவதும் ஜெபிப்பதும் உண்பதும் மணியோசைப்படி. இரவு ஜெபம் முடிந்தால் காலைவரை மௌனம்.

1962 பிப்ரவரியில்கூடத் திருத்தந்தை 23-ஆம் யோவான், குருமடங்களில் லத்தீனை வலியுறுத்தி ஆணையிட்டார். அதே ஆண்டு அக்டோபரில் அவர் கூட்டிய இரண்டாம் வத்திக்கான் சங்கம்தான் வழிபாட்டில் தாய்மொழிகளுக்குக் கதவைத் திறந்தது. 1965-இல் குருத்துவப் பயிற்சிக்கும் தனி ஏடு வந்தது. நாட்டுக்கு நாடு பாடத்திட்டம் வகுக்க வழி பிறந்தது.

லத்தீன் தந்த கட்டுக்கோப்பும் பழம் நூல்களோடு இருந்த நேரடி உறவும் மதிப்புள்ளவை. ஆனாலும் தமிழ் மக்களிடம் பேசப்போகிறவர்கள் தமிழில் இறையியல் சிந்திக்க இவ்வளவு காலம் காத்திருந்திருக்கக் கூடாது.